நான்கு ஷெட்டுக்கு ஒரு சுவிட்ச்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்தில் மின்வெட்டு இல்லாத நாளே கிடையாது. மில்லுக்காரர்கள் பெரிய ஜெனரேட்டர் வைத்துக்கொண்டார்கள். பேண்டேஜ் துணி நெய்யும் சின்ன ஷெட்டுக்காரர்கள் பழையதாக ஒன்றை வாங்கிப் போட்டு ஓட்டினார்கள். அவர்களுக்கு வயரிங் செய்து கொடுத்தவன் நான். லைசென்ஸ் உள்ள வயர்மேன். வாய்க்கும் குறைச்சல் இல்லை.

ஊரெல்லாம் ஜெனரேட்டர் பெருகவும் அரசு கெடுபிடி காட்ட ஆரம்பித்தது. சொந்தமாக மின்சாரம் எடுக்கிறவர்கள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்க வேண்டும். அதிகாரி பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் ஓட்டலாம். கைப்பிடியை மேலே தள்ளினால் கம்பத்து மின்சாரம், கீழே இழுத்தால் ஜெனரேட்டர். இரண்டும் சேராது. சேர்ந்தால் ஷெட்டு மின்சாரம் திரும்பிக் கம்பத்துக்கு ஏறிவிடும். நல்ல விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் தெருவில் நான்கு ஷெட். நான்கு பேரும் சேர்ந்து ஒரே ஒரு சுவிட்ச் வாங்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அதிகாரி வாரம் ஒரு ஷெட்டாகப் பார்க்க வந்தார். அவர் தலை மறைந்ததும் நான் சுவிட்சைக் கழற்றி அடுத்த ஷெட்டில் மாட்டுவேன். பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டி, மூலையில் ஒரு நசுங்கல். நான்கு வாரமும் அதே பெட்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கடைசியில் சுவிட்ச் நான்காவது ஷெட்டிலேயே தங்கிவிட்டது. மற்ற மூன்றிலும் ஜெனரேட்டரைப் போடுமுன் மெயினைக் கையால் அணைக்க வேண்டும். மறக்காமல் அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் ஆடிக் காற்றில் முதல் ஷெட்டுக்குப் போகும் வயர் கம்பத்தில் தளர்ந்து பொறி பறந்தது. லைன்மேன் வந்தார். தினமும் என்னோடு டீ குடிக்கிறவர், என்னைவிட மூத்தவர். டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து, ஏணியைச் சாய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏலே, இந்த ஷெட்ல சுவிட்ச் மாட்டிருக்கேல்லா?"

"மாட்டியாச்சுண்ணே. ஆபீசரே பாத்துட்டுப் போய்ட்டாரு."

எல்லாரிடமும் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. உள்ளே போய் மெயினைப் பார்க்கப் பத்தடி கூட இருக்காது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினேன்.

தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. கரண்ட் போய்விட்டது என்று ஷெட்டில் போட்டுவிட்டார்கள். மெயினை அணைக்க மறந்திருந்தார்கள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தபோது லைன்மேன் சாக்கடை ஓரத்தில் கிடந்தார். உயிர் இல்லை.

மறுநாள் விசாரணைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று முதல் ஷெட்டு முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பச்சைப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து முதல் ஷெட்டில் மாட்டினேன். ஒரு ஸ்க்ரூ விடாமல் முடுக்கினேன். நினைத்தால் இப்போதும் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

சுவிட்ச் இருப்பதால் ஷெட்டிலிருந்து மின்சாரம் ஏற வழியில்லை, லைன்மேன்தான் சரியாகப் பார்க்காமல் ஏறியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

பதினாறாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழவில்லை.

"அவிய அஜாக்கிரதைன்னு சொல்லுதாங்க தம்பி. சுவிட்ச் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்காம அவிய ஏறவே மாட்டாக. நீங்க அங்கதான நின்னீக. அன்னைக்கு யார்ட்டயும் கேக்கலையா?"

"கேக்கல மதினி," என்றேன்.