துரை சாப்பிடாத நாட்கள்

கீழ்வீட்டு மாமாவுக்கு மூக்கு செத்துப்போய்ப் பல வருடமாகிறது. லேத் பட்டறையில் சூடான இரும்பில் சொட்டும் ஆயிலின் புகையைக் காலமெல்லாம் இழுத்ததன் பலன். "உங்க மாமாவுக்கு மூக்கு எதுக்குத் தெரியுமா? கண்ணாடி நிக்கறதுக்கு" என்று அத்தை அவரை வைத்துக்கொண்டே சொல்வார். மாமாவும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிப்பார்.

மாடி அறைக்கு நான் குடிவந்த அன்று மாமா என் பெயரைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அன்றுமுதல் அவருக்கு நான் 'டிகிரி'.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை, துரை இருந்தது. ஒரு வேலையும் பார்க்காமல் நாற்காலியிலேயே படுத்துக் கிடக்கிற நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பது என்பார் அத்தை. ஆனால் அதன் தீனி விஷயத்தில் அவரிடம் விளையாட்டு கிடையாது. கடையில் வாங்கிய தீனிப் பையைக் கொட்டாமல், பையோடு டிரம்மில் இறக்குவார். ஒவ்வொரு தடவை எடுத்ததும் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயைச் சுருட்டி, துணிக் கிளிப் மாட்டி, டிரம் மூடியை இறுக்குவார். டிரம் இருப்பது வெயில் எட்டாத உள்ளறையில், பலகைமேல். பழையது தீராமல் புதியதைப் பிரிக்க மாட்டார். தீர்ந்ததும் டிரம்மைக் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காய்ந்த பிறகுதான் அடுத்த பை.

அத்தை திடீரென்று மாரடைப்பில் போனபோது, அவர் பிரித்த பை பாதி மிச்சமிருந்தது.

அது தீர்ந்துபோவதை மாமாவால் பார்க்க முடியவில்லை. மிச்சத்தை டிரம்மிலேயே கவிழ்த்தார். மட்டம் இறங்கும்போதெல்லாம் புதுப் பையை அதன்மேலேயே கொட்டிக் கிளறினார். டிரம்மையும் தன் கட்டிலருகே, ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படியிருந்தால் அவள் போட்டது தீரவே தீராது என்றார் என்னிடம்.

வெயில் காலம் வந்ததும் துரை சாப்பிடுவதை நிறுத்தியது. தட்டை முகர்ந்து பார்க்கும். திரும்பிப் போய் வாசலில் படுத்துக்கொள்ளும். விலா எலும்பு தெரிந்தது. மாமாவுக்கு அதில் ஒரு துணை கிடைத்தது. அவரும் ஒருவேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வந்த கையோடு பஸ் ஏறிவிட்டார்கள், வாயில்லா ஜீவன் மட்டும் அவளை நினைத்துப் பட்டினி கிடக்கிறது என்று பட்டறையிலும் தெருவிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடாத ஃபேனைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் துரைக்குத் தீனி எடுக்க டிரம்மைத் திறந்தார். எண்ணெய் கெட்ட சிக்கு வாடை முகத்தில் அடித்தது. சொன்னால் அவருடைய ஒரே துணை போய்விடும். சொல்லாவிட்டால் துரையே போய்விடும்.

"மாமா, இது கெட்டுப்போச்சு. அதான் தொடமாட்டேங்குது."

"அவ போட்டதுடா இது."

"அத்தை இருந்திருந்தா எப்பவோ கொட்டியிருப்பாங்க. உங்களையும் சேர்த்துத் திட்டியிருப்பாங்க."

மாமா ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. துரையிடம் நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அப்போ, இது அவ நெனப்புல பட்டினி கெடக்கலயா?"

நான் டிரம்மை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினேன்.

தெருநாய் எதுவும் தின்றுவிடக்கூடாதென்று, சுவரோரம் குழி தோண்டி அவரே எல்லாவற்றையும் புதைத்தார். மண்வெட்டியை என்னிடம் தரவில்லை. டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். சாயங்காலம்வரை அடிக்கடி போய் உள்ளே விரலால் தடவி ஈரம் பார்த்தார். பிறகு புதுப் பையைப் பையோடு உள்ளே இறக்கிப் பிரித்தார்.

பிரித்த சத்தத்துக்கே துரை ஓடிவந்தது. தட்டைத் தரை முழுக்கத் தள்ளிக்கொண்டே நக்கித் தின்றது. இன்னொரு தட்டும் வாங்கிக்கொண்டது. பிறகு நாற்காலியில் ஏறிச் சுருண்டு, அந்த நிமிடமே தூங்கிவிட்டது.

மாமா காற்றை அமுக்கி, பையின் வாயைச் சுருட்டி, அத்தையின் கிளிப்பை மாட்டினார்.

"நல்லாச் சாப்ட்டுச்சுல்ல, டிகிரி?"

"ஆமா, மாமா."

"அப்போ அவ நெனப்புல கெடக்கறது நான் ஒருத்தன்தானாடா?"

மூடியை இறுக்கிவிட்டு, டிரம்மைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் போனார்.