லைனுக்குக் கரண்ட்

பங்களாச் சீலிங்குக்கு மேலே வயிற்றால் ஊர்ந்து வயர் இழுக்கிறவனுக்கு முதலில் தேய்வது முழங்கை, அடுத்தது மானம். என்னைப் போல் கூரைத் தூசி தின்று பிழைக்கும் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எஹலியகொட பஜாரில் இருந்த என்னைத் தெரணியகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஃபேக்டரிக்கு டைனமோ வந்திருந்தது; அங்கிருந்து துரை பங்களாவுக்கு விளக்குப் போட வேண்டும். பங்களாவுக்குத் தகரக் கூரை. வெக்கை இறங்காமல் இருக்கச் சீலிங் பலகைமேல் தேங்காய் மட்டையில் உரித்த தும்பை மெத்தை போலப் பரப்பியிருந்தார்கள்.

மேலிருந்து வந்த கால்

தும்பு மூடிக் கிடந்தால் அடியில் சட்டம் எது, வெறும் பலகை எது என்று தெரியாது. தடவிப் பார்த்துத்தான் நகர வேண்டும். நான் தடவாமல் எழுந்து நின்றேன். பலகை முறிந்து வலது கால் தொடைவரை கீழே போய்விட்டது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் மேலேயே சிக்கிக்கொண்டது. கீழே துரைசானி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காலை இழுக்கவும் முடியாமல், மிச்சத்தை இறக்கவும் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். துரைசானி சமையற்கார அப்புவிடம் தோட்டத்துத் தமிழில் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது: “அப்பு, அந்தக் காலுக்குச் சொல்லு, இந்த வீட்டுக்கு வாசல் இருக்கு.”

கண்டக்டர் எங்கே படுக்கலாம்?

கரண்ட் ஓடுகிற வயர் லேசாகச் சூடாகும்; காற்றுப் பட்டால் ஆறிவிடும். தும்புக்குள் புதைத்துவிட்டால் சூடு போக வழியில்லை. மேலே சுற்றிய ரப்பர் இளகும், பிறகு பங்களாவே அடுப்புத்தான். அதனால் தும்பைத் தொடாமல் உத்தரத்தோடு சேர்த்து அடித்துக்கொண்டு போனேன்.

உடைந்த இடத்தை மூடிப் பரப்புவதற்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள் தும்பு மூட்டை சுமந்து வந்தார்கள். அவர்களில் மாரியாயி மட்டும் ஏணியடியில் நின்று, அண்ணன் முறையில் என்னை ‘நானா’ என்று கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பாள். மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு கவிழ்ந்து அவளுடைய மகளின் கை வெந்திருந்தது. நெருப்பில்லாமல் எரிகிற விளக்கைப் பற்றிக் கேட்டு அவளுக்கு அலுக்கவில்லை. “வயரு போற வழியில எரியுற சாமான் எதுவும் கிடக்கப்படாது தாயி” என்று பெரிய வாத்தியார் போல அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த மிதப்பிலேயே, மறுகோடியில் வயர் பிடித்திருந்த ஆளைப் பார்த்துக் கத்தினேன்: “கண்டக்டரைத் தும்புல படுக்க விடாதே, சூடேறிடும்!” தொழில் பேச்சில் செப்புக் கம்பிக்குக் கண்டக்டர் என்று பெயர். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் மலையில் வேலை மேற்பார்க்கும் ஐயா. அவர் அப்போதுதான் வந்து ஏணியடியில் நின்றிருந்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயா அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: “நான் தும்புல படுத்தா என்ன, மெத்தையில படுத்தா என்ன, அதைக் கேக்க நீ யாரு?”

லைன்

இந்த அவமானத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஃபேக்டரியிலிருந்து பங்களாவுக்குப் போகும் கம்பி, தொழிலாளர் குடியிருப்பைத் தாண்டிப் போனது. யாரும் கை வைத்துவிடக் கூடாதே என்று முந்தின நாளே அங்கே போய் நல்ல எண்ணத்தோடு சொன்னேன்: “நாளைக்கு லைனுக்குக் கரண்ட் விடப்போறோம். எல்லாரும் கவனமா இருங்க.” எனக்கு லைன் என்றால் கம்பி. குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த நீளக் கட்டிடத்துக்கும் லைன் என்றுதான் பெயர். அது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரம் நினைவு வரவில்லை.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. லைன் வாசல்தோறும் விறகு குவிந்து நனைந்துகொண்டிருந்தது. மழைக்காலத்துக்கென்று அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிக் காயவைத்த விறகு அத்தனையும் வெளியில் கிடந்தது. மாரியாயி தேத்தண்ணியோடு ஓடி வந்தாள். “நீங்க சொன்ன மாதிரியே எரியுற சாமான் எல்லாத்தையும் எறக்கிட்டோம் நானா. மொதல்ல எங்க காம்பராவுல போட்டுடுங்க” என்றாள். கையில் கட்டோடு அவளுடைய மகள் பின்னால் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணியைக் கையில் வாங்கிவிட்டேன், குடிக்க முடியவில்லை. கரண்ட் பங்களாவுக்கு மட்டுந்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். துரைசானியின் தலைக்கு மேல் ஒற்றைக் காலோடு தொங்கியபோதுகூட நான் அப்படிக் கூசியதில்லை. அவள் ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். மழையைப் பார்த்தாள், விறகைப் பார்த்தாள், பிறகு என்னைக் கேட்டாள்: “அப்ப வெறகைத் திரும்ப உள்ள எடுக்கலாங்களா நானா?”

பங்களாத் தும்பில் ஒரு பொறிகூட விழாமல் வேலையை முடித்தேன் என்று துரை என்னை மெச்சினார். லைனில் அன்றைக்கு அடுப்பில்கூட ஒரு பொறி விழவில்லை.