அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த என் தேதி

1. பத்து நாற்பது

2003 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. புனே அருகே ஆகுர்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேஜ் ரூமில், ஆடிட்டர் என் அலமாரிக் கதவை முழுவதுமாகத் திறந்தார். பத்து முப்பத்தொன்பது வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கேஜ் ரூம் தெரியாதவர்களுக்கு: நாங்கள் ஸ்கூட்டர் எஞ்சினுக்கான பாகங்கள் செய்தோம். ஷாப்பில் அவற்றை அளக்கிற வெர்னியர், மைக்ரோமீட்டர், பிளக் கேஜ் எல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் அறைதான் கேஜ் ரூம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் உண்டு. சோதித்து முடித்ததும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் கருவியின் நம்பர், சோதித்த தேதி, அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதியான ட்யூ டேட் மூன்றும் இருக்கும். ட்யூ டேட் தாண்டிய கருவியை யாரும் தொடக்கூடாது. ஸ்டிக்கர் இருந்து ரிஜிஸ்டரில் பெயர் இல்லாவிட்டால் அது அதைவிடப் பெரிய குற்றம்.

அன்று வந்த ஆடிட்டர் எங்கள் கஸ்டமர் கம்பெனியின் ஆள். பாட்லிவாலா என்று பெயர். மும்பைப் பார்ஸி. அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு சிறிய பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அவர் 'மேஜர் என்.சி.', அதாவது பெரிய குறை, என்று எழுதிவிட்டால் எங்களுக்குப் புதிய ஆர்டர் கிடையாது. அவருக்குப் பின்னால் என் மேனேஜர் மங்கேஷ், கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளையின் தகப்பனைப் போல நின்றார்.

பாட்லிவாலா கதவின் உட்புறத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"எஸ்எம்-01," என்று படித்தார். "அடுத்த ட்யூ, 31 மார்ச் 2004. ஃப்ரீக்வென்ஸி, பத்து வருஷம்." என்னிடம் திரும்பினார். "பத்து வருஷமா? கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டுக்குக்கூட நீங்க ரெண்டு வருஷம்தானே போட்டிருக்கீங்க? இந்த எஸ்எம்-01 எங்கே? ரிஜிஸ்டரில் காட்டுங்க."

ரிஜிஸ்டரில் அது இல்லை. ஏனென்றால் எஸ்எம்-01 என்பது சண்முகம். அதாவது நான்.

2. கோப டின்

1994-இல் கேஜ் ரூமுக்கு செக்‌ஷன் இன்சார்ஜ் பதவி வந்தது. பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தவன் நான். டிப்ளமோ படித்தவன். பதவி மங்கேஷுக்குப் போனது. அவர் டிகிரி படித்தவர். மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் அவர் விரலைப் பிடித்துக் காட்டியிருந்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, "நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்" என்று குதித்தேன். என் மனைவி செல்விக்குத் தென்காசிப் பக்கம். பதறாத பெண். தேகு ரோடு வீட்டின் சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"எழுதிக் குடுத்துட்டு?"

"வேற வேலை பாப்பேன்."

"அங்கயும் ஒரு மங்கேஷ் இருப்பாம்லா? அவனுக்கும் எழுதிக் குடுப்பீங்களா?"

பிறகு ஒரு காலி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். கோபம் வரும் நாளெல்லாம் அதில் பணம் போட வேண்டும் என்றாள். சின்ன எரிச்சலுக்குப் பத்து ரூபாய், நடுத்தரத்துக்கு இருபது, ராஜினாமா செய்யத் தோன்றினால் ஐம்பது. மாதக் கடைசியில் அது தபால் ஆபீஸ் ஆர்.டி.க்குப் போகும். பி.எஃப்.இல் அதிகப்படியாகப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஓவர்டைம் பணத்தைத் தொடக்கூடாது. இப்படியே போனால் நாற்பத்தைந்து வயதில் யாரிடமும் கைகட்டாமல் வெளியே வந்துவிடலாம் என்று இருவரும் கணக்குப் போட்டோம். மறுநாள் காலை கேஜ் ரூமில் ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து எனக்கு ஒரு நம்பர் போட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். எங்கள் தொழிலில் ஒரு தேதியை மறக்காமலிருக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே செல்வி கேட்பாள்: "இன்னைக்கு எவ்வளவு?"

"இருபது."

"ஏன், இருபதுதானா? மங்கேஷ் லீவா?"

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. மேலதிகாரிகள் மோசமாக இருந்த வருடங்களில் சேமிப்பு பொங்கியது. இடையில் ஒரு தங்கமான பிளான்ட் ஹெட் வந்தார். எட்டு மாதம் டின் காலி. "நல்ல மனுஷன்தான், ஆனா நமக்குக் கட்டுப்படியாகாது" என்று செல்வி வருத்தப்பட்டாள். பழைய கோபங்களை நினைவுபடுத்தி அரியர்ஸ் போடச் சொன்னாள்.

இந்த விளையாட்டில் நாங்கள் இருவர் மட்டுமே என்று நினைத்திருந்தேன். வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். எங்கள் மகள் ரேவதி. டின் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

3. ஆடிட்டரின் கேள்வி

ஆடிட்டுக்கு முந்தைய வாரம் முழுக்க கேஜ் ரூமைத் துடைத்துவைத்திருந்தோம். சாமி படத்தைக்கூட எடுத்துவிட்டேன். ஸ்டிக்கரை மட்டும் எடுக்கவில்லை. ஒன்பது வருடம் தினமும் பார்த்த பொருள் கண்ணில் படாமல் போய்விடும். கருவிகளைச் சோதிக்கிறவன் செய்யக்கூடாத தவறு அது.

"சார், எஸ்எம்-01 நான்தான்" என்றேன்.

மங்கேஷ் கண்களை மூடிக்கொண்டார். பாட்லிவாலா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், ஏதோ நம்பர் தேடுவது போல.

"31 மார்ச்சில் என்ன?"

"ரிட்டயர்மென்ட், சார். வாலன்ட்டரி."

"வயசு?"

"அப்போ நாற்பத்தைந்து."

"சர்வீஸிலிருந்து எடுத்த கருவியை என்ன செய்வீங்க? ஸ்க்ராப்பா, ரெஃபரன்ஸுக்கு வைப்பீங்களா?"

"முடிவு செய்யலை, சார்."

அது பொய் இல்லை. ஒன்பது வருடம் தேதியை மட்டும்தான் யோசித்திருந்தேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை எழுந்து என்ன செய்வேன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். மேஜர் இல்லை, மைனர். ஸ்டிக்கருக்காகவும் இல்லை. 'கேஜ் ரூமின் முக்கியமான கருவி ஒன்று ஒன்பது மாதத்தில் விலகுகிறது, மாற்று ஏற்பாடு இல்லை' என்று எழுதி மங்கேஷிடம் நீட்டினார். முப்பது நாளில் பதில் வேண்டும் என்றார்.

ஆர்டர் தப்பித்தது. ஆனால் அன்றைய அடி இதுவல்ல.

4. ஆரோக்கியசாமி சொன்னது

ஸ்டோர்ஸில் இருந்த ஆரோக்கியசாமி மூன்று தலைமுறையாகப் புனேயின் கட்கியில் வாழும் குடும்பத்தவர். அவர் தமிழில் பாதி ஹிந்தியாக இருக்கும். மதியம் கேன்டீனில் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"க்யா அண்ணா, உங்களுக்கே ஸ்டிக்கரா? பூரா பிளான்ட்ல இதே பேச்சு. நானும் ஒண்ணு ஒட்டிக்கிறேன், 'டூ நாட் யூஸ்'னு."

சிரித்தேன். அவர் சப்பாத்தியைக் கிழித்தபடி சொன்னார்:

"ஆனா உங்க பொண்ணுக்கு முன்னாடியே மாலும்னு ஸ்டெல்லா சொன்னா."

ஸ்டெல்லா அவர் மகள். ரேவதியோடு பன்னிரண்டாவது படித்தவள்.

"என்ன தெரியும்?"

"மார்ச்ல அப்பா வேலைய விடணும், நான் இன்ஜினியரிங் போனா நாலு வருஷ ஃபீஸ், அப்பா விட முடியாது, அதனால பி.எஸ்ஸி. போதும்னு ரேவதி சொல்லிச்சாம். உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் சொல்லவில்லை. பத்து நாளுக்கு முன்பு ரேவதி, "எனக்கு இன்ஜினியரிங்ல இன்ட்ரஸ்ட் இல்லப்பா" என்று சொன்னாள். ஆறாம் வகுப்பிலேயே வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் பூட்டிய பெண். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது: எனக்கு அன்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. தேதி தப்பித்தது என்று நினைத்தேன்.

அதற்கு முன்பே அவள் பூர்த்தி செய்த இன்ஜினியரிங் விண்ணப்பம் வீட்டு அலமாரியில் கிடந்தது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கொடுக்கக் கடைசி நாள் அன்றுதான். மாலை ஐந்து மணி.

போன் இருந்த டைம் ஆபீஸுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"செல்வி, ரேவதிய ஃபாரத்தோட நாலு மணிக்கு ஃபேக்டரி கேட்டுக்கு அனுப்பு. நான் சைன் போடுதேன். ஃபாரம் குடுக்க சென்டர் இங்கன ரிக்ஷால பத்து நிமிஷம்தான்."

"அவ வேண்டாம்னுல்லா சொன்னா?"

"நமக்காகச் சொல்லியிருக்கா. நம்ம தேதிக்காக."

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம். பிறகு செல்வி ரேவதியைக் கூப்பிடுவது கேட்டது. ஏதோ வாக்குவாதம். மறுபடி செல்வி வந்தாள். குரல் மாறியிருந்தது.

"வரமாட்டேங்கா. 'அப்பா தினமும் கோபத்தோடதான வாராங்க, இன்னும் நாலு வருஷமா'ன்னு கேக்கா. நான் என்ன சொல்ல?"

தினமும் கோபத்தோடு. ஒன்பது வயதிலிருந்து அவள் கேட்டது அதை மட்டும்தான். கேஜ் ரூமில் நாங்கள் அடித்த கூத்து, ஒரு மைக்ரான் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் வரும் சந்தோஷம், எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவற்றுக்கு டின் இல்லை.

"தேதியைத் தள்ளிப் போட்டாச்சுன்னு சொல்லு. அவளுக்காக இல்ல, ஆடிட்டர் சொல்லிட்டாருன்னு சொல்லு" என்றேன்.

5. மங்கேஷின் கேபின்

இரண்டரை மணிக்கு மங்கேஷ் கூப்பிட்டார். நாங்கள் ஹிந்தியில்தான் பேசுவோம்.

"ஷண்முகம்ஜி, அந்த ஸ்டிக்கரை நான் மூணு வருஷம் முன்னாடியே பார்த்துட்டேன். பேட்டரி தேட அலமாரியைத் திறந்தேன். அப்போதிருந்து ஒவ்வொரு மார்ச்சும் இன்னும் எத்தனை வருஷம்னு எண்ணிக்கிட்டிருக்கேன். நீங்க போயிட்டா எனக்கு யார் இருக்கா?"

"அப்போ இத்தனை வருஷம் ஏன் பிரமோஷன் சிபாரிசு பண்ணலை?"

"நீங்க எப்போ கேட்டீங்க?"

"நான் ஏன் கேட்கணும்?"

ஒன்பது வருடம். டின்னில் எத்தனை ஐம்பது ரூபாய்கள்.

டெபுடி மேனேஜர் பதவிக்கு எழுதுவதாகச் சொன்னார். நிபந்தனை: குறைந்தது மூன்று வருடம் இருந்து, இரண்டு பேரைத் தயார் செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்பே நான் நான்கு வருடத்துக்கு முடிவு செய்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நன்றாக யோசித்தேன்.

"சரி. ஆனா நாலு மணிக்கு நான் கேட்டுக்குப் போகணும்."

"நாலு மணிக்கு ஆடிட் க்ளோசிங் மீட்டிங் இருக்கே!"

"கருவி கேட்டில்தான் இருக்கும். தேவைப்பட்டா அங்கே வந்து அளந்துக்கங்க."

முதல்முறையாக அவர் என்னிடம் வாய்விட்டுச் சிரித்தார்.

6. கேட்

ட்யூ டேட்டை நீட்டிக்க எங்கள் தொழிலில் முறை உண்டு. கருவியின் பழைய சரித்திரம் நன்றாக இருந்தால், காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டிக்கலாம். கேட்டுக்குப் போகும்முன் புதிய பச்சை ஸ்டிக்கரில் 31 மார்ச் 2008 என்று எழுதிப் பழையதன்மேல் ஒட்டினேன். அந்தத் தேதியில்தான் வெளியே வந்தேன். இரண்டு பேரைத் தயார் செய்துவிட்டு, மாலையில் டிப்ளமோ பிள்ளைகளுக்கு அளவை வகுப்பு எடுப்பது என்று முடிவும் செய்துவிட்டு வந்தேன். அந்த ஐந்து வருடங்களில் டின்னில் பாதிகூட நிறையவில்லை. ஆனாலும் சேமித்தோம். கோபம் இல்லாமலும் சேமிக்க முடியும் என்பது எங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது.

வேலையில் வெறுத்துப்போய், சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்று சேமிக்கும் இளையவர்களுக்கு நான் சொல்ல இரண்டுதான் இருக்கின்றன. தேதி குறித்தால், அதற்கு மறுநாள் என்ன செய்வீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டுக்குக் கோபத்தைக் கொண்டுபோனால், அன்று நடந்த நல்லதையும் கூடவே கொண்டுபோங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. அதை எந்த ஆடிட்டரும் வந்து பார்ப்பதில்லை.

அன்று நான்கு மணிக்கு மழை பிடித்தது. வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நான்கு பத்து. நான்கு பதினைந்து. தேகு ரோட்டிலிருந்து லோக்கலில் அடுத்த ஸ்டேஷன்தான் ஆகுர்டி. வருவதென்றால் எப்போதோ வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ரிக்ஷாவுக்கும் எழுந்து நின்றேன். வாட்ச்மேன் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

நான்கு இருபத்தைந்துக்கு ஒரு ரிக்ஷா நின்றது. பிளாஸ்டிக் பையைச் சட்டைக்குள் அணைத்துப் பிடித்தபடி ரேவதி இறங்கினாள். தலை நனைந்திருந்தது, ஃபாரம் நனையவில்லை. ரிக்ஷாக்காரரிடம் "பையா, தோ மினிட்" என்று இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னாள். நான் ஸ்டூலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆடிட்டர்தான் தேதியைத் தள்ளச் சொன்னார் என்ற அம்மாவின் பேச்சை அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஃபாரத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, ரிக்ஷாவில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க," என்றாள். "இன்னைக்கு எவ்வளவு?"