சண்டை மூளும் இடம்

அன்புச்செல்வி அக்காவும் நானும் திண்டிவனத்தில் ஒரே தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறோம். அவர் நர்ஸ். நான் லேபில் ரத்தம் எடுப்பவள். இருவருக்கும் ஒரே ஊர்தான், பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில். நான் ஊருக்குள், அவர் காலனியில். நடுவே ஒரு தார்ச்சாலை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போனதில்லை, எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்ததில்லை. ஆனால் மதியச் சோற்றை நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சூடானின் கதையெல்லாம் அந்தப் பெஞ்சில் கேட்டதுதான்.

அக்கா பல வருஷம் கார்ட்டூம் நகரத்தில் நர்ஸாக இருந்தவர். போன புதிதில் அங்கே ரொட்டி விலை திடீரென்று மூன்று மடங்காகியிருக்கிறது. ரொட்டிக்கடை வரிசையில் முணுமுணுத்த ஜனம் தெருவுக்கு வந்தது. சில மாதத்தில் ராணுவத் தலைமையகத்தின் முன்னால் நகரமே போய் உட்கார்ந்துவிட்டது. முப்பது வருஷம் நாட்டை ஆண்ட அதிபர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

"ரொட்டிக்காவயா அக்கா இவ்ளோவும்?" என்று கேட்டேன்.

"ரொட்டி கடைசியா வந்தது சங்கவி. முப்பது வருஷமா யாரையும் வாயத் தொறக்க உடல. புள்ளையப் புடிச்சிக்கினு போனா எங்கன்னு கேக்க முடியாது. அதெல்லாம் உள்ளயே கெடந்துது. வெல ஏறின அன்னிக்கு வெளிய வந்துட்டுது."

அதற்குப் பின் நடந்ததுதான் மோசம். ஆட்சியைக் கையில் எடுத்த இரண்டு தளபதிகள், யாருடைய படை யாருக்குக் கீழே என்று முறைத்துக்கொண்டார்கள். மருத்துவமனை வாசலில் ஹவ்வா என்ற பெண் டீ விற்பாள். சாயங்காலமானால் இரண்டு படைச் சிப்பாய்களும் அவளிடம் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். ஒரு வாரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் ஒரு தரப்பு வரவே இல்லை. ஹவ்வா அடுப்பைக் கட்டிக்கொண்டு சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பினாள். போகும்போது, மாவும் தண்ணீரும் சேர்த்து வைத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சனிக்கிழமை காலை நகரத்தின்மேல் குண்டு விழுந்தது. அக்கா நோயாளிகளை நடைபாதைத் தரையில் படுக்க வைத்து, குழாயில் தண்ணீர் நின்றுபோன பிறகும் வேலை பார்த்திருக்கிறார். கடைசியில் பேருந்தில் பாலைவனம் தாண்டி, துறைமுகத்தில் கப்பலேறி, பிறகு விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார்.

போன பங்குனியில் ஒருநாள், சோற்றைத் திறக்காமலே அக்கா கேட்டார்.

"உங்க அப்பா மல்லாட்ட புடுங்கிட்டாரா?"

"இல்லக்கா. ஆளு வரல."

"யாரு காட்டுலயும் புடுங்கல. எங்காளுங்க மயிலம் பக்கம் வேலைக்குப் போய்க்கினு இருக்காங்க. உங்காளுங்க கூப்டல, எங்காளுங்க வரல. ஹவ்வா கடையில இப்பிடித்தான் இருந்துது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

அதே வாரம் பஸ் நிறுத்தத்தில் என் பெரியப்பா மகன் ராஜ்குமாரின் பைக் கண்ணாடி, காலனிப் பையன் நெடுஞ்செழியன் தோளில் இடித்து உடைந்தது. நெடுஞ்செழியன் அக்காவின் அண்ணன் மகன். பார்த்து ஓட்டு என்றான் நெடுஞ்செழியன். நீ யாருடா சொல்ல என்றான் ராஜ்குமார். அந்தச் சொல்லுக்குக் கை ஓங்கியது, கைக்குக் கல் வந்தது. ராஜ்குமாரின் மண்டை உடைந்தது.

மத்தியானம் எல்லார் போனுக்கும் ஒரு செய்தி வந்தது. ராஜ்குமார் செத்துவிட்டானாம். நான் லேபிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா வந்து என் தோளைப் பிடித்தார்.

"நீ பாத்தியா? யாரு பாத்தா? பாக்காம அழாத. எழுந்து வா."

ராஜ்குமாரைச் சேர்த்திருந்த அரசு மருத்துவமனைக்கு நடந்தே போனோம். ராஜ்குமார் தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, என் பெரியம்மா ராஜாமணி. சார்ஜ் இல்லாமல் அவர் போன் அணைந்திருந்தது. ஊரிலிருந்து எத்தனை பேர் கூப்பிட்டும் கிடைக்காததால், செய்தி உண்மை என்றே ஆகிவிட்டிருந்தது.

எங்கள் உறவினர் ஒருவர் அக்காவை அடையாளம் கண்டு எழுந்தார். "அடிச்சவன் வூட்டு ஆளுக்கு இங்க இன்னா வேல?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"அக்கா, எங்கண்ணன் புள்ளதான் அடிச்சான். தப்புதான், போலீசு புடிச்சிக்கினு போவட்டும். ஆனா உன் புள்ள செத்துட்டான்னு ரெண்டு பக்கமும் ரோட்டுக்கு வந்துட்டாங்கன்னு இப்ப போன் வந்துது. நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். நீ வந்து சொல்லு."

"உங்கூடவா?"

"எங்கூடத்தான். நீ மட்டும் போனா ஒரு பக்கந்தான் கேக்கும்."

பெரியம்மா மகனைப் பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம்.

ஊருக்குள் நுழையும்போது நான் கண்டதை இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. தார்ச்சாலையின் ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், டிராக்டர் டிப்பரில் கருங்கல் ஜல்லி. மறுபக்கம் காலனி ஆட்கள், கையில் கடப்பாரையும் மண்வெட்டியும். எனக்குத் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு முகமும் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. பால் ஊற்றுகிறவர், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், என்னோடு பத்தாவது படித்தவன், எல்லாரும் அதில் நின்றார்கள்.

நடுவில் போய் ஆட்டோ நின்றது. அக்கா முதலில் இறங்கி, பெரியம்மாவுக்குக் கை கொடுத்தார். பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதைப் பார்த்தே இரண்டு பக்கமும் சத்தம் குறைந்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து ஆட்டோவின் கூரையில் விழுந்தது. டிரைவர் குனிந்தார், நான் குனிந்தேன். அக்கா அசையவில்லை.

"எம்புள்ள டீ குடிச்சிக்கினு இருக்கான்," என்றார் பெரியம்மா. "இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். யாருக்காவ நீங்க சாவப் போறீங்க?"

அக்கா காலனிப் பக்கம் திரும்பி அதையே சொன்னார். "நானும் பாத்தேன். உசுரோட இருக்கான். மண்வெட்டியக் கீழ போடுங்க."

கூட்டத்திலிருந்து ராஜ்குமாரின் அப்பா, பச்சைமுத்து பெரியப்பா வந்தார். பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்து, அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். போலீஸ் வேன் வந்தபோது சாலையில் ஆட்டோவும் நாங்களும்தான் இருந்தோம்.

மறுவாரம் திண்டிவனத்தில் அதிகாரிகள் சமாதானக் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் கண்ணாடியைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பேசினார்கள். கடைசியில் அக்கா எழுந்தார்.

"கண்ணாடி போன வாரம் ஒடஞ்சது சார். எங்க சுடுகாட்டுப் பாதைய முள்கம்பி போட்டு அடச்சது ஐப்பசில. மழையில முழங்கால் சேத்துல சுத்திக்கினு போயி எங்க ஆளுங்களப் பொதச்சோம். அப்ப யாரும் கூட்டம் போடல."

வேலி யாருடையது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பெரியப்பாவின் நிலத்து ஓரம் அது. அவர் மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். மேசையைப் பார்த்துக்கொண்டே, "அளந்து எடுத்துக்குங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சர்வேயர் வந்து அளந்தார். பாதை பழைய அகலத்துக்கு வரவில்லை, ஆனால் பாடை போகும். நெடுஞ்செழியன் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த வருஷத்து மல்லாட்டை பாதி மண்ணிலேயே முளைத்து வீணாயிற்று. பெரியம்மா இப்போது எங்கள் மருத்துவமனைக்கு வந்தால் அக்காவைத் தேடிப் போய்ப் பேசுகிறார். பெரியப்பா பேசுவதில்லை.

ஒருநாள் சோற்று வேளையில் கேட்டேன். "கல்லு வந்துச்சே, உனக்குக் கொஞ்சங்கூட பயம் இல்லியாக்கா?"

அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். "காலு ரெண்டும் கிடுகிடுன்னு ஆடிச்சி. சுடிதாரு தொளதொளன்னு இருந்துது, யாருக்கும் தெரியல."

சொல்லிவிட்டு ஊசி போட வார்டுக்குப் போனார்.