ஒரு கட்டை என்று எழுதிய பக்கம்

'அக்டோபர் 19, சனி. அஸ்தினாபுரம், மாலை ஐந்து மணி ஒத்திகை. தனிப்பாட்டு: சுருதி ஒரு கட்டை. பாடுபவருக்கு நன்றாகப் பொருந்துகிறது.'

என் நோட்டில், என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. எங்கள் மெல்லிசைக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். எந்தத் தேதி, எந்த மண்டபம், எந்தப் பாட்டு, யார் பாடினார், எந்தச் சுருதி, எங்கே தப்பினோம், எல்லாம் அதில் உண்டு. பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். படித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதி போடாமல் மூடி வைத்ததில்லை. அப்படிப்பட்டவள் தெரிந்தே எழுதிய பொய், மேலே உள்ள கடைசி வாக்கியம்.

குரலின் உயரத்தை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஒரு கட்டை, நாலு கட்டை, ஐந்தரைக் கட்டை. ஆர்மோனியத்தின் கட்டைகளை இடமிருந்து எண்ணி வந்த கணக்கு. எங்கள் குழுவின் பாடகி ஐந்தரைக் கட்டைக்காரி. குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி முடிந்து பையோடு நேராக ஒத்திகைக்கு வருவாள்.

நான் கீபோர்டு. முப்பத்தாறாவது வயதில் சிட்லபாக்கம் வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து, செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பீரோவைத் திறக்க முடியாது. பீரோவைத் திறக்க வேண்டுமானால் நான் எழுந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் என் விரல்கள் ஒரே ஒரு 'ச'வைக் கற்றுக்கொண்டன. ஒரு கட்டையின் 'ச'. அங்கிருந்து எந்தப் பாட்டையும் வாசிப்பேன். வேறு கட்டையிலிருந்து தொடங்கச் சொன்னால் விரல்களுக்கு வழி தெரியாது.

அதற்குத்தான் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி எண்ணை மாற்றினால் விரல்கள் பழகிய இடத்திலேயே ஓட, ஒலி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். நர்ஸ் பாடினால் மைனஸ் நாலு; கட்டைக் கணக்கு ஏழுக்குப் பிறகு மறுபடி ஒன்றுக்கு வரும், அவளுடைய ஐந்தரை என் ஒரு கட்டைக்கு நாலு படி கீழே விழும். எங்கள் குழுத் தலைவர், வங்கியில் வேலை பார்ப்பவர், பாடினால் பிளஸ் ஒன்று. நோட்டில் எல்லாருக்கும் எண் இருந்தது. பொத்தான் இருக்கும் மூலையில் நோட்டைச் சாய்த்து வைப்பது என் வழக்கம்.

என்னிடம் நன்றாக இருந்தது காது. ஒருவர் நாலு வார்த்தை பாடினால் போதும், அவருக்கு எது வசதியான சுருதி என்று சொல்லிவிடுவேன். ஒத்திகையில் யாராவது "ஸ்கேல் ஒத்துவரல" என்றால் பொத்தானை இரண்டு முறை தட்டி, அடுத்த வரியிலேயே சேர்ந்துகொள்வேன். பார்ப்பவர்களுக்கு அது வித்தையாகத் தெரிந்தது. நான் மறுக்கவில்லை. மேடையில் ஒருவரும் என் பக்கம் வந்து எட்டிப் பார்த்ததில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் தலைவருக்கு ஒரு போன் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. அவர்களுடைய பழைய ஹாலில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பியானோ ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரு பாட்டையாவது அதில் வாசிக்க வேண்டும் என்று செயலாளருக்கு ஆசை.

"பியானோவா? கவலையே படாதீங்க சார். நம்ம மேடம் இருக்காங்க. எந்த ஸ்கேல் குடுத்தாலும் ரெண்டே செகண்ட்ல பிடிச்சுடுவாங்க" என்றார் தலைவர், என் எதிரிலேயே.

பக்கத்தில் தபேலாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அஸ்தினாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே உள்ள அறைதான் எங்கள் ஒத்திகை இடம். "இன்னா சார் பியானோ, அக்காக்கு மிக்ஸி ஓடுற சவுண்டுக்கே கட்டை சொல்லத் தெரியும்" என்றார்.

அது உண்மை. அவர் வீட்டு மிக்ஸி இரண்டரைக் கட்டை. ஒருமுறை விளையாட்டாகச் சொன்னதை அவர் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பியானோவில் பொத்தான் கிடையாது. அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். தலைவர் போனை வைப்பதற்குள் தேதி முடிவாகிவிட்டது. பாட்டும் முடிவாகிவிட்டது: நர்ஸின் முதல் தனிப்பாட்டு. அதுவரை அவள் டூயட்டுகளில் பாதியைத்தான் பாடியிருந்தாள்.

அக்டோபர் 19 ஒத்திகைக்கு அவள் வந்ததும் நானே ஆரம்பித்தேன். "இந்தப் பாட்ட ஒரு கட்டையில பாடிப் பாரு. உன் குரலுக்கு மேலதான் பளிச்னு இருக்கும். ஐந்தரையில அடங்கிப் போகுது."

"அப்படியாக்கா? எனக்கு ஐந்தரைதான்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?"

"அது டூயட்டுக்கு. இது வேற பாட்டு."

"நீங்க சொன்னா சரிக்கா."

பொத்தானைத் தொடாமல் வாசித்தேன். பல்லவி பரவாயில்லை. அனுபல்லவியில் மேலே ஏறும் வரி ஒன்று உண்டு. அந்த இடத்தில் அவள் குரல் கிழிந்தது. இரண்டாம் முறையும் கிழிந்தது. மூன்றாம் முறை கழுத்து நரம்பு புடைக்கப் பாடிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். அந்த அறையில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று சரியாகக் கேட்ட காது என்னுடையது மட்டும்தான்.

"தொண்டை சரியில்லக்கா. நேத்து ஏசி வார்டு" என்றாள்.

"பழகினா வந்துடும்" என்றேன். வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பை எழுதினேன்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் இதே கதை. நான்காவது ஒத்திகை முடிந்து படி இறங்கும்போது தலைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேல போறப்ப கத்துற மாதிரியே இருக்கு மேடம். இந்தப் பாட்டு செட் ஆகலேன்னா, ஜனவரிலேர்ந்து வேற ஒருத்தங்கள பாக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்க காதுக்குத்தான் தெரியும்."

நான் நினைத்ததைச் சொல்லியிருந்தால் அவள் இடம் தப்பும், என் இடம் போகும். "பாக்கலாம் சார்" என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்துக் கீபோர்டின் பொத்தான் மேல் ஒட்டினேன். இனி ஐந்தரையிலிருந்து விரல்களாலேயே வாசிப்பது என்று முடிவு. ஐந்தரையில் 'ச'வே கருப்புக் கட்டையில் விழும். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல்கள் தடுமாறின. மனதில் பாட்டு தெளிவாக ஓடும். கை ஐந்தாவது ஸ்வரத்தில் பழைய வெள்ளைக் கட்டைக்கே போய் உட்காரும். காது உடனே தப்பு என்று சொல்லும். காது சொல்லச் சொல்ல விரல் பயந்தது.

நவம்பர் 12, செவ்வாய். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், பள்ளிக்கு விடுமுறை, காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஒலி வராத கீபோர்டின் முன்னால் பீரோவில் முதுகு இடிக்க உட்கார்ந்து ஊமையாக வாசித்தேன். ஒலி இல்லாததால் தப்பும் இல்லை என்று முதலில் நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் ஒரு கட்டைக்குத் திரும்பி, நிதானமாக, அழகாக, அங்கேயே ஓடிக்கொண்டிருந்தன. எப்போது திரும்பின என்று எனக்கே தெரியவில்லை. வெளியே இறங்கவும் வழியில்லை, உள்ளே நகரவும் இடமில்லை. சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு. சொல்லாமல் கொள்ளாமல் நர்ஸ் வந்துவிட்டாள். வார விடுமுறை, தனியாக ஒருமுறை பழகிப் பார்க்கலாம் என்று. கீபோர்டைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னக்கா இது, பிளாஸ்டர் போட்டிருக்கீங்க? எங்க அடி?"

அவள் தொழில் பழக்கத்தில் பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாள். பொத்தானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். பொத்தானைப் பற்றி, பியானோவைப் பற்றி, ஒரு கட்டையைப் பற்றி. 'உன் சுருதி ஐந்தரைதான், எந்தப் பாட்டுக்கும் ஐந்தரைதான்' என்பதைக் கடைசியாகச் சொன்னேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நாலு வாரமா வெந்நீர் மட்டும் குடிக்கிறேன்க்கா. தயிர் நிறுத்திட்டேன். எங்க ஈஎன்டி டாக்டர்கிட்ட கேமரா விட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லம்மா, சும்மா பயப்படாதேன்னு அவர் திட்டி அனுப்பிச்சாரு. எனக்குப் பாடவே வரலையோன்னு நினைச்சேன்."

"தப்புதான்."

"தப்புன்னா? எல்லாரும் உங்க காதத்தான் நம்புறோம். நானும்தான் நம்பினேன். எனக்குக் கேக்குது அது கிழியறது. உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்: "ஐந்தரை எவ்ளோ கஷ்டம் உங்களுக்கு?"

வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரியில் முட்டியது.

"ஐந்து?"

ஐந்தை நான் யோசித்ததே இல்லை. ஒன்று அல்லது ஐந்தரை, அவ்வளவுதான் என் கணக்கு. வாசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்கு ஐந்தில் ஒரே ஒரு கருப்புக் கட்டைதான் வந்தது. தட்டுத் தடுமாறி முதல் வரி முடிந்தது.

"நான் அரைக்கட்டை எறங்கிக்கிறேன். கீழ கொஞ்சம் கேக்காது, பரவால்ல. நீங்க அந்த ஒரு கருப்ப மட்டும் பாத்துக்கங்க. நடுவுல வர மியூசிக் வேணாம், தபேலா வாசிக்கட்டும்" என்றாள். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சார்கிட்ட நீங்களேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

23ஆம் தேதி ஒத்திகையில் சொன்னேன். தலைவர் அதிர்ச்சி அடையவில்லை.

"பட்டன்தானே மேடம்? எனக்குத் தெரிஞ்ச பாதி கீபோர்டு பிளேயர் அப்படித்தான் வாசிக்கிறாங்க. அது ஒரு விஷயமே இல்ல. ஆனா அத மறைக்க அந்தப் பொண்ணு குரலப் போட்டுக் கிழிச்சீங்க பாருங்க…" அவர் முடிக்கவில்லை.

"அப்போ மிக்ஸி ரெண்டரைன்னு சொன்னதும் டூப்பாக்கா?" என்றார் தபேலாக்காரர்.

"அது நிஜம்."

"அப்போ ஓகே" என்று தபேலாவை இழுத்து வைத்துக்கொண்டார்.

பியானோவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். "பேனர் அடிச்சாச்சு. வாசிச்சுத்தான் ஆகணும்" என்றார். இரண்டு வாரம் நூலகத்து மேசையில், அரசுப் பேருந்தின் சீட்டுக் கம்பியில், சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் அந்த ஒரு கருப்புக் கட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு, மாலை ஆறரை. அந்தப் பியானோவின் கட்டைகள் எதிர்பார்த்ததைவிடக் கனம். இடது கோடியில் இரண்டு, அழுத்தினால் எழுந்திருக்கவே இல்லை. முன்னால் வாசித்துப் பார்க்க நேரம் கொடுக்கவில்லை. மைக் செட் ஆட்கள் ஹாலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் 'ச'வை வைத்ததும் நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்கென்று அப்போது புரியவில்லை. எனக்கு என் விரல்களைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்ட காது அன்று வேலைக்கே வரவில்லை.

மிகக் குறைவாக வாசித்தேன். அவள் வரியை முடிக்கும் இடத்தில் இரண்டு ஸ்வரம், மூச்சு விடும் இடத்தில் ஒன்று. ஒருமுறை கருப்புக்குப் பதில் வெள்ளையில் விரல் விழுந்தது; தபேலாக்காரர் ஒரு உருட்டு உருட்டி மூடினார். அனுபல்லவி வந்தது. மேலே ஏறும் வரியை அவள் நின்ற இடத்திலிருந்து கையை அசைக்காமல் பாடினாள். கிழியவில்லை. கீழே இறங்கும் வரியில் மட்டும் குரல் கொஞ்சம் காற்றாகப் போனது. கைதட்டலில் தலைவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஜனவரி நிகழ்ச்சிகளுக்கு அவள் பெயரையே எழுதச் சொன்னார், நோட்டில் எழுதியிருக்கிறேன்.

வண்டி எடுக்கும்போது அவள் கேட்டாள்: "அக்கா, ஐந்துதானே வாசிச்சீங்க? எனக்கு இன்னும் கீழ இருந்த மாதிரி இருந்துச்சு."

சுருதி சேர்க்காமல் பல வருடம் கிடந்த பியானோ தாழ்ந்துபோகும் என்று படித்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு செல்போனில் சுருதி பார்க்கும் செயலியோடு மறுபடி போனேன். ஹால் பூட்டியிருந்தது. சாவி செயலாளரிடம், செயலாளர் வெளியூரில். பாட்டை யாரும் முழுதாகப் பதிவு செய்யவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே துண்டில் கைதட்டல் மட்டும் இருக்கிறது.

அக்டோபர் 19 பக்கத்தைக் கிழிக்கவில்லை. கடைசி வாக்கியத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் அந்தக் கோட்டைப் போட்ட நாளின் தேதி. மற்ற பாட்டுகளுக்கு இன்றும் பொத்தானைத்தான் அழுத்துகிறேன். நோட்டை மட்டும் இப்போது பொத்தானை மறைத்து அந்த மூலையில் வைப்பதில்லை. டிசம்பர் 8 பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:

'தனிப்பாட்டு: ஐந்து கட்டை, என் விரல் இருந்த இடத்தின்படி. கருவி தாழ்ந்திருந்தால் அவள் பாடியது நாலரையாக இருக்கலாம். சரிபார்க்கவில்லை.'