முகத்துவாரத்துக்கு மேலே ஒரு விமானம்

போன வாரம் ஒரே ஒரு பறவைக்காக எங்கள் அலுவலகத்தில் அரை நாள் கூட்டம் நடந்தது. பறவை வரவில்லை. அது வட கடலில் அலைமேல் உட்கார்ந்திருந்தபோது மேலே போன விமானத்திலிருந்து எடுத்த படம்தான் வந்திருந்தது. கில்லிமாட் என்றேன் நான். ரேசர்பில் என்றாள் பக்கத்து மேசை ஃபியோனா. இரண்டுக்கும் கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு; மேலிருந்து பார்த்தால் இரண்டுமே மிளகளவுதான். இருவர் தனித்தனியே எண்ண வேண்டும், ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி. மூன்றாமவர் டீ குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், முடிவு சொல்ல இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு நான் வந்திருப்பது இந்த வேலைக்குத்தான்.

இங்கே கடலுக்குள் காற்றாலை நடுவதென்றால் முதலில் அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். மாதம் ஒருமுறை விமானம் பறந்து படமெடுத்து வரும். எந்தப் பறவை, உட்கார்ந்திருக்கிறதா பறக்கிறதா, எந்தப் பக்கம் போகிறது என்று நாங்கள் குறிக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது போர்ப்பஸுக்குக் காட்டும் மரியாதை. அது நம்மூர் ஓங்கலுக்கு, அதாவது டால்பினுக்கு, தம்பி முறை. விமானம் போகும் நேரத்தில் அது முங்கியிருந்தால் படத்தில் விழாது. பாவம், அதற்காக அதை விட்டுவிட முடியுமா? கண்ணில் பட்டவற்றோடு, முங்கியிருந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்தே கணக்கு எழுதுகிறோம். ஆள் இல்லாதபோதும் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் இந்தத் தாராளத்தை நம் வாக்காளர் பட்டியலில்கூட நான் கண்டதில்லை.

அப்பா என்ன செய்தார் என்று ஃபியோனா ஒருமுறை கேட்டாள். மீன் பிடித்தார் என்றேன். "எவ்வளவு அழகு! என் அப்பாவும் ஓய்வு பெற்ற பிறகு அதைத்தான் செய்கிறார். மனதுக்கு அவ்வளவு அமைதி, இல்லையா?" என்றாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கரைந்த ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவித் தடவி இறால் பிடித்த மனிதர் என் அப்பா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகியிருக்கும். அம்மா மஞ்சளைக் குழைத்துப் போடுவாள். பிறகு ஆற்றில் இறாலும் அற்றுப்போய், ஃபைபர் படகில் கடலுக்குப் போனார். இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஆமாம், ரொம்ப அமைதி என்றேன்.

மூன்று வாரங்களுக்கு முன் அண்ணன் ஏழுமலை போன் செய்தான். அப்பாவின் படகை இப்போது அவன்தான் ஓட்டுகிறான்.

"பாப்பா, ஒரு ரிப்போட்டு அனுப்பிக்கீறேன். பூரா இங்கிலீசு. எங்களப் பத்தி இன்னா எழுதிக்கீறான்னு பாத்து சொல்லு."

எங்கள் முகத்துவாரத்துக்கு எதிரேயும் கடலில் காற்றாலை நடப் போகிறார்களாம். ஒரு கம்பெனி ஆய்வு செய்து அறிக்கை கொடுத்துவிட்டது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அவர்கள் கோடு போட்டிருக்கும் இடம்தான் குப்பத்துப் படகுகள் தினமும் வலை விடும் இடம். ஆறு சாம்பலுக்குப் போயிற்று, வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்துக்குப் போயிற்று. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போனால் அண்ணன் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்க வேண்டியதுதான்.

அறிக்கை நல்ல கனம். பறவைப் பட்டியலில் பஃபின் இருந்தது. ஸ்காட்லாந்துப் பாறைகளில் குளிரில் வாழும் பறவைக்கு எண்ணூரில் என்ன வேலை? யாரோ ஸ்காட்லாந்து அறிக்கை ஒன்றிலிருந்து அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். நான் வந்த வழியில் அது எதிர்த்திசையாகக் குடிபெயர்ந்துவிட்டது போலும், அதுவும் விசா இல்லாமல். அடுத்த பக்கத்தில், திட்டப் பகுதியில் மீன்பிடிப் படகு ஒன்றுகூடக் காணப்படவில்லை, ஆகவே மீனவர்களுக்குப் பாதிப்பில்லை என்று எழுதியிருந்தது. அண்ணனுக்குப் படித்துச் சொன்னேன்.

"ஒண்ணுகூட இல்லியா? அப்போ நாங்க தெனம் காலைல கடல்ல இன்னா, கபடியா ஆடிகினு கீறோம்?"

எத்தனை நாள் விமானம் பறந்தது என்று தேடினேன். ஒரே நாள், ஒரே காலை. தேதியைப் பார்த்தேன். போன வருடம் அப்பாவை அடக்கம் செய்த நாள் அது. குப்பத்தில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடியும்வரை யாரும் படகை இறக்க மாட்டார்கள். அறிக்கையின் கடைசிப் படத்தில் எல்லாப் படகுகளும் மணலில் ஏறிக் கிடந்தன. போர்ப்பஸ் முங்கினால் சேர்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது; என் சனங்கள் ஒரு காலை கரையில் நின்று அழுததற்குக் கம்பெனிக்காரர்கள் கடலையே எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்று நான் போகவில்லை. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன்; முடிவு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் செல்லாது. வர முடியாது என்று சொல்ல நான் கூப்பிட்டபோது அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆளில்லை. அதிலிருந்து அம்மா என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வராததற்குக் கோபம் என்று நினைத்திருந்தேன்.

அண்ணனிடம் தேதியைச் சொன்னேன்.

"அந்த பிளேனா? நைனாவ தூக்கசொல்ல தாழ்வா ரெண்டு ரவுண்டு அடிச்சுது பாப்பா. நீதான் பிளேன்லேர்ந்து கடல படம் புடிக்கிற வேலைல கீறியே. நீதான் வந்துகினு கீறேன்னு குப்பமே சொல்லிச்சு. அம்மா மேல பாத்துக் கைய ஆட்டிச்சு."

படத்தைப் பெரிதாக்கினேன். படகுகளுக்குப் பின்னால் மணலில் ஒரு கூட்டம். அதில் அம்மா எந்தப் புள்ளி என்று அரை மணி நேரம் தேடினேன், தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆட்சேபக் கடிதம் எழுதினேன். பறந்தது கம்பெனியின் விமானம், பறந்த நாளில் ஊரில் சாவு, இறந்தவர் என் அப்பா என்று ஒளிக்காமல் எழுதி அனுப்பி, அண்ணனிடமும் சொன்னேன்.

"கூட்டத்துல அம்மா முன்னாடிதான் உக்காந்துகினு இருக்கும். அது உன் பிளேன் இல்லேன்னு தெரிஞ்சா தாங்காது" என்றான் அண்ணன்.

"படி" என்றேன். அவனுக்குக் கடல் வேண்டுமே.

நேற்று கூட்டத்தில் ஒருவர் என் கடிதத்தைத் தமிழாக்கிக் கொடுக்க, அண்ணன் படித்தான். மேடையில் இருந்த அதிகாரி, வேறு வேறு நாட்களில் மறுபடி பறந்து எண்ணிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டாராம். பஃபினைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் அண்ணன் கூப்பிட்டான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"லெட்டர்ல எவனோ பிளேனுன்னு எழுதிக்கீறே. கூட்டத்துக்காவ எழுதுனது, எனுக்குத் தெரியாதா? ஒண்ணு மட்டும் சொல்லு பாப்பா. அம்மாந்தூரம் வந்தவ, நைனா மூஞ்சியக்கூட பாக்காம, எறங்காமலே ஏன் போய்ட்டே?"