ஏழாவது ஸ்பிரிண்ட்டில் மூன்று மட்டும்

புராஜெக்ட் லீடாகப் பொறுப்பேற்ற முதல் நாளே எனக்குக் கிடைத்தது எச்சரிக்கைதான். பஸ் டிக்கெட் சாஃப்ட்வேர் இரண்டு முறை ரிலீஸ் தேதியைத் தவறவிட்டிருந்தது. மூன்றாவதும் தவறினால் வாடிக்கையாளர் போய்விடுவார், உங்கள் ஐந்து பேர் டீமையும் கலைத்துவிடுவார்கள் என்றார் மேனேஜர் ரகு. அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இரண்டு பஸ் மாறி வந்ததற்கு நல்ல வரவேற்பு.

ஸ்பிரிண்ட் என்பது எங்களுக்கு இரண்டு வார வேலை. வேலைகளைப் பட்டியலிட்டு வைக்கும் மென்பொருளைத் திறந்து பார்த்தால் ஏழாவது ஸ்பிரிண்ட்டில் நாற்பத்தோரு வேலைகள் கிடந்தன. ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டை மூடும்போதும், முடியாததை எங்கே போடட்டும் என்று அது கேட்கும். அடுத்த ஸ்பிரிண்ட் என்று தட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அப்போது டெஸ்டராக இருந்த நானும்தான் தட்டினேன், மறைப்பானேன்.

வந்த எரிச்சலில் நாற்பத்தொன்றையும் தேதி போடாத பட்டியலான பேக்லாக்குக்குத் தள்ளினேன். ஸ்பிரிண்ட் போர்டு காலி. ரகுவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கஸ்டமருக்கு என்னம்மா பதில் சொல்றது?"

"அவரையே கூப்பிட்டுக் கேட்டுடலாம் சார்."

அவர் சிவாஜிநகரில் பஸ் சர்வீஸ் நடத்திய ஜாபர் பாய். அவருக்குக் கம்ப்யூட்டர் புரியாது என்று நாங்களாகவே முடிவுகட்டி, அதுவரை கூப்பிட்டதே இல்லை. வந்தவரிடம், இரண்டு வாரத்தில் மூன்றுதான் முடியும், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். கத்துவார் என்று பயந்தேன். அவரோ முழுப் பட்டியலையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று மாதமாக நாங்கள் இழைத்துக்கொண்டிருந்த சீட் மேப்பை, அதாவது இருக்கைகளைக் கலர் கலராகக் காட்டும் படத்தை, கையசைத்து ஒதுக்கினார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. தேதி மாத்தணும்னு வர்றவங்ககிட்ட எங்க கவுண்டர் பொண்ணு தினமும் திட்டு வாங்குது. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணும்மா."

தேதி மாற்றம் எங்கள் பட்டியலில் முப்பத்தெட்டாவது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதோடு டிக்கெட் மறு அச்சு, டிரைவருக்குப் பயணிகள் பட்டியல் என்று மேலும் இரண்டைச் சொன்னார். மூன்றை மட்டும் ஸ்பிரிண்ட்டில் ஏற்றினேன்.

ஐந்தாம் நாள் ரகு வந்து, இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று இழுத்தார். எட்டாவதில் பார்க்கலாம் சார் என்றேன். முறைத்தார், ஆனால் போய்விட்டார். பதினோராம் நாள் மூன்றும் டெஸ்டிங் முடிந்து நின்றன. சொன்ன தேதியில் ரிலீஸ் போனது.

அன்று நானே சிவாஜிநகர் கவுண்டரில் போய் உட்கார்ந்தேன். வேலூர் போகவேண்டிய ஒருவர் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். ஜாபர் பாய் சொன்ன கவுண்டர் பெண் ஸ்டெல்லா தேதியை மாற்றி, புது டிக்கெட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கிளம்பும்போது அவள் சொன்னாள்:

"அக்கா, இன்னைக்கு ஒருத்தர் கூட திட்டல."

டீம் கலையவில்லை. சீட் மேப் நான்கு ரிலீஸ் கழித்து வந்தது, அதுவரை அதை யாரும் கேட்கவில்லை. இன்றும் ஸ்பிரிண்ட்டை மூடும்போது, முடியாததை எங்கே போடட்டும் என்ற அந்தக் கேள்வி வரும். தட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நீங்கள் தள்ளிவிடும் வேலைக்காக எங்கோ ஒரு கவுண்டரில் ஒருத்தி திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள்.